ஆண்டிமடத்துக்காரர் கேட்ட குரல்

என் கணவர் என்ன வேலை பார்க்கிறார் என்று யார் கேட்டாலும், "டெல்லியில சென்ட்ரல் கவர்மென்ட் ஆபீஸ்ங்க" என்றுதான் சொல்வேன். கல்யாணமான புதிதில் அவர் சொல்லிக்கொடுத்த பதில் அது. அதில் பொய் எதுவும் இல்லை. மேற்கொண்டு கேட்பவர்களிடம், "ஃபைல் பாக்குற வேலதான்" என்பேன். பெரம்பலூரில் எங்கள் தெருக்காரர்கள் பெரும்பாலும் அதோடு விட்டுவிடுவார்கள். ஃபைல் பார்க்கிற ஆள் தீபாவளிக்குக் கூட ஏன் வரவில்லை என்று மட்டும் சில பேர் கண்ணால் கேட்பார்கள். நான் காய்கறிப் பையைக் கை மாற்றிக்கொண்டு நடந்துவிடுவேன்.

அவர் வெளிநாடுகளில் உளவு வேலை பார்த்தவர். இதை இப்படி வெளிப்படையாக எழுதுவது எனக்கே புதிதாக இருக்கிறது. எழுதட்டுமா என்று போன மாதம் போனில் அவரிடமே கேட்டேன். "எழுது. அந்த நாட்டோட பேரு வேண்டாம், ஆளுங்க பேரு வேண்டாம், வருஷம் வேண்டாம்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "என் பேரும் வேண்டாம்" என்று சேர்த்துக்கொண்டார்.

கல்யாணமாகிக் கொஞ்ச காலத்தில் ஒரு குளிர் நாட்டில் அவருக்கு வேலை போட்டார்கள். வெளியில் தூதரக அதிகாரி என்று பெயர். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் சேர்ந்தாற்போல் இருந்த காலம் என்றால் அதுதான். மத்தியானமே இருட்டிவிடும். சன்னலுக்கு வெளியே பனி பெய்துகொண்டிருக்கும். அவர் பாத்திரம் கழுவுவார், நான் துடைத்து வைப்பேன். அப்படி ஒரு சாயங்காலம் அவருடைய வேலை என்னதான் என்று கேட்டேன்.

"தூதரகத்துக்காரங்க பேசக் கூடாத ஆளுங்க கொஞ்சம் பேரு இருப்பாங்க. அவங்களோட பேசுறது எங்க வேல" என்றார்.

"சண்டை போடுறவங்களோடயா?"

"அவங்களோடயும்தான். ரெண்டு நாட்டு மந்திரிங்க கேமரா முன்னாடி கை குலுக்குறாங்கல்ல, அதுக்கு முன்னாடியே யாராச்சும் ரெண்டு பேரு கேமரா இல்லாத எடத்துல டீ குடிச்சிருப்பாங்க. அந்த டீ குடிக்கிற ஆளுன்னு வச்சுக்கயேன்."

சொல்லிவிட்டு அடுத்த தட்டைக் கழுவி என்னிடம் நீட்டினார். எனக்கு அந்த வீட்டில் வேறொன்று பிடித்திருந்தது. வெளியே போனால் அவர் வேறு ஆள். யாரோடோ அந்த ஊர் மொழியில் பேசிச் சத்தமாகச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியாத யாருடைய சிரிப்போ போல இருக்கும். வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றியதும் பழையபடி அரியலூர்ப் பக்கத்து விக்கிரமங்கலத்துக்காரர் ஆகிவிடுவார். "வூடு என்னா இப்டி ஜில்லுனு கெடக்கு" என்பார். அவருடைய ஊர்ப் பேச்சு முழுவதும் எனக்கு மட்டும்தான் என்று அந்த நாட்களில் நினைத்துக்கொள்வேன். அந்த ஊரில் வேறு யாருக்கும் அது புரியாது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

அப்புறம் வேப்பந்தட்டையில் என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. நான் வயிற்றில் பிள்ளையோடு ஊருக்கு வந்தேன். அப்பா படுத்த படுக்கையாக வெகுகாலம் இருந்தார். மகள் பிறந்தாள். நான் படித்திருந்த பார்மசி படிப்புக்கு அரசு வேலையும் கிடைத்தது. அவருடைய அடுத்த வேலையோ குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போக முடியாத இடத்தில். இப்படி ஒன்றன்பின் ஒன்றாக வந்து நாங்கள் பிரிந்தே வாழப் பழகிவிட்டோம். பழகிவிட்டோம் என்று எழுதுகிறேனே தவிர, எனக்குப் பழகவில்லை.

நான் அரியலூர் அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் சன்னலில் இருக்கிறேன். பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ். வழி நெடுக சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது புடவைத் தலைப்பைத் தட்டினால் வெள்ளையாகப் புழுதி பறக்கும். அவருடைய போன் எப்போது வரும் என்று தெரியாது. சில நேரம் வாரத்துக்கு இரண்டு முறை வரும். சில நேரம் மாதக்கணக்கில் வராது. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்கக் கூடாது. போனில் அவர் குரலுக்குப் பின்னால் கேட்கும் சத்தங்களைக் காது கொடுத்துக் கேட்பேன். ஒரு தடவை கடல் பறவைகள் கத்தின. ஒரு தடவை பாங்கு சொல்லும் சத்தம் கேட்டது. அன்றைக்கு முழுவதும் அந்தச் சத்தத்தோடு இருப்பேன்.

ஆண்டிமடம் பக்கத்திலிருந்து ஒரு பெண் மாதாமாதம் வருவாள். மாமியாருக்கு இதய நோய். எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர்தான் பார்க்கிறார். மாமியாரால் பஸ் ஏறி வர முடியாத மாதங்களில் இவள் மட்டும் சீட்டை எடுத்துக்கொண்டு வந்து மாத்திரை வாங்கிப் போவாள். முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் போகிறவள். விரல் நுனியெல்லாம் கொட்டைப் பால் பட்டுக் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். அதற்கு நான் ஒரு களிம்பு தருவேன். அப்படித்தான் பழக்கம். வீட்டுக்காரர் ஏஜென்ட் மூலமாக வெளிநாட்டுக்குக் கட்டட வேலைக்குப் போயிருந்தார்.

ஒரு மாதம் அவள் வந்தபோது சீட்டை நீட்டாமல் நின்றாள்.

"என்னாம்மா?" என்றேன்.

"எங்க வூட்டுக்காரர புடிச்சு வச்சிருக்காங்களாம் அக்கா."

நான் செய்தியில் பார்த்திருந்தேன். அந்த நாட்டில் உள்நாட்டுச் சண்டை. நம் ஆட்கள் கொஞ்சம் பேரை ஓர் ஆயுதக் கும்பல் கொண்டுபோய்விட்டது. யார் எந்த ஊர் என்று செய்தியில் சொல்லவில்லை. பின்னால் இருந்தவர்கள் முன்னால் தள்ளினார்கள். அவளை உள்ளே வரச் சொல்லி ஸ்டூலில் உட்காரவைத்தேன்.

"கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்தோம். பேசிக்கிட்டு இருக்காங்கன்னு சொல்றாங்க. யாருகிட்ட பேசுறாங்கன்னு கேட்டா அதுக்குப் பதில் இல்ல. அந்தக் கும்பலோட கவர்மென்டு பேச மாட்டாங்களாமே, நெசமாக்கா?"

"பேசுறதுக்கு ஆளு இருப்பாங்க" என்றேன். அவள் அதை ஆறுதல் வார்த்தை என்று நினைத்திருப்பாள்.

மாமியாருக்கு விஷயம் தெரியாது. மகனுக்கு டவர் கிடைக்காத இடத்தில் வேலை என்று சொல்லி வைத்திருந்தார்கள். "அத்தைக்கு மாத்திரைய வெறுமன குடுத்தா துப்பிடுவாங்கக்கா. வாழப்பழத்த கிள்ளி அதுக்குள்ள வச்சு ஊட்டணும். அவரு ஊர்ல இருந்தப்ப பழக்கி வுட்டது. இப்ப நான் ஊட்டுனா, என் மவன் குடுத்தாத்தான் உள்ள போவுதுங்குறாங்க" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

அந்த வாரம் என் கணவர் போன் செய்தபோது வேறு பேச்சே எனக்கு வரவில்லை. ஆண்டிமடத்துப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். அவர் எப்போதும் போல் "ம், ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அந்த "ம்" நின்றுவிட்டது. லைன் போய்விட்டதோ என்று, "இருக்கீங்களா?" என்றேன்.

"இருக்கேன். அந்தம்மா எப்டி இருக்காங்க? மாமியாரு?"

வாழைப்பழக் கதையைச் சொன்னேன். "அப்டியா" என்றார். பேச்சை மாற்றிப் பஸ்ஸில் இடம் கிடைக்கிறதா என்று விசாரித்தார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது? அடிக்கடி போன் செய்ய ஆரம்பித்தார். அத்தனை வருடத்தில் அப்படிச் செய்ததே இல்லை. நிறுத்தி நிதானமாகப் பேசினார். அந்தப் பெண் வந்தாளா, என்ன சொன்னாள், அவர்கள் வீடு ஊருக்குள்ளா காட்டுப் பக்கமா, பிள்ளை என்ன படிக்கிறது என்று கேட்பார். எனக்கு அவர் குரலை இவ்வளவு நேரம் கேட்பதே பெரிய விஷயம். சொல்லிக்கொண்டே இருப்பேன். பஸ்ஸில் கண்டக்டருக்கும் ஒரு அம்மாவுக்கும் சில்லறைக்காக நடந்த சண்டையைச் சொல்வேன். காரக்குழம்பில் புளி கூடிப்போனதைச் சொல்வேன். அவர் சிரிப்பார். வயதான காலத்தில் புருஷன் புதிதாக ஆசையாகப் பேசுகிறார் என்று உள்ளுக்குள் பூரித்துப்போயிருந்தேன். மகள்கூட, "என்னம்மா, போனும் கையுமா இருக்க" என்று கிண்டல் செய்தாள்.

திடீரென்று போன் நின்றது. ஒன்றுமே வரவில்லை. மருந்து டப்பாக்களை அடுக்கும்போதும் போனை இடுப்பில் செருகிவைத்திருந்தேன். மெசேஜ் சத்தம் கேட்டாலே எடுத்துப் பார்ப்பேன்.

பிறகு ஒரு நாள் காலையில் டிவியில் செய்தி ஓடியது. பிடித்து வைக்கப்பட்டவர்கள் எல்லோரும் மீட்கப்பட்டுவிட்டார்கள். மந்திரி மைக் முன்னால் நின்று, நட்பு நாடுகளின் ஒத்துழைப்போடு நடந்த ராஜதந்திர முயற்சிக்குக் கிடைத்த வெற்றி என்றார். விமானத்திலிருந்து இறங்கியவர்களுக்குப் பூங்கொத்து கொடுத்தார்கள். எல்லோரும் தாடியும் மீசையுமாக ஒரே மாதிரி இருந்தார்கள். அதில் ஆண்டிமடத்துக்காரர் யார் என்று எனக்குத் தெரியவில்லை. நான் தேடியதும் அவரை இல்லை. என் கணவர் அங்கே இருக்க மாட்டார் என்று தெரிந்தும் அவர்களுக்குப் பின்னால், ஓரத்தில், கதவுக்குப் பக்கத்தில் எல்லாம் என் கண் அலைந்தது.

கொஞ்ச நாள் கழித்து அந்தப் பெண் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். ஒல்லியான மனிதர். வெயிலில் கருகிய முகம். எனக்குக் கொடுக்க ஒரு பை நிறைய முந்திரிப்பருப்பு கொண்டுவந்திருந்தார்கள். கூட்டம் குறைந்திருந்த நேரம். அவரை ஸ்டூலில் உட்காரச் சொன்னேன். எத்தனையோ பேரிடம் சொல்லியிருந்த கதையைத்தான் என்னிடமும் சொன்னார். ஆனால் சொல்லும்போது இன்னும் குரல் பதறியது.

"எங்கள ரெண்டு வாட்டி எடம் மாத்துனாங்க மேடம். ரெண்டு வாட்டியும், வுட்டாச்சு, ஊருக்குப் போலாம்னுதான் சொல்லி வண்டியில ஏத்துனாங்க. எறங்கிப் பாத்தா வேற கும்பலு. அதனால மூணாவது வாட்டி வண்டி வந்தப்ப நாங்க ஏற மாட்டோம்னு தரையில ஒக்காந்துட்டோம். டிரைவரு கத்துறான். கெளம்பலன்னா சுட்டுருவாங்கன்னு சாடை காட்டுறான். நாங்க அசையல. அப்பதான் வண்டிக்குள்ளேருந்து ஒருத்தரு எறங்கி வந்தாரு. தலையில துணி சுத்தி, தாடி வச்சு, பாத்தா அந்த ஊரு ஆளுதான். எங்கிட்ட வந்து குத்துக்கால் போட்டு ஒக்காந்தாரு. 'ஆண்டிமடமா நீங்க?'ன்னாரு."

கையிலிருந்த முந்திரிப் பையை மேசையில் வைத்தேன்.

"தமிழுன்னா டிவி தமிழு இல்ல மேடம். நம்ம பேச்சு. எனக்கு அப்பயும் பயம்தான். தமிழ் தெரிஞ்சவன வச்சும் ஏமாத்தலாமுல்ல? நான் பதிலே சொல்லல. அவரு காதுகிட்ட குனிஞ்சு, 'உங்கம்மா மாத்திரைய வாழப்பழத்துல வச்சுக் குடுத்தாத்தான முழுங்குவாங்க? நீங்க வந்து குடுக்கணும்னு ஒக்காந்திருக்காங்க. எந்திரிங்க, வூட்டுக்குப் போலாம்'ன்னாரு. அவ்ளோதான். நான் எந்திரிச்சேன். நான் ஏறவும் எல்லாரும் ஏறிட்டாங்க."

அவர் மனைவி, "கவர்மென்டுக்கு எப்டிக்கா இதெல்லாம் தெரியுது? எங்க வூட்டுக்குள்ள நடக்குறது!" என்று ஆச்சரியப்பட்டாள்.

"நம்ம தெருவுல விசாரிச்சிருப்பாங்கடி" என்றார் அவர்.

நான் களிம்பு எடுக்கப் போவதுபோல் உள்ளே போனேன். அலமாரிக்குப் பின்னால் நின்று புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். என் கணவர் உயிரோடு இருக்கிறார். அவர் குத்துக்கால் போட்டு உட்கார்ந்ததை என்னால் பார்க்க முடிந்தது. அதே நேரம் என் மனசில் வேறொன்றும் எழும்பியது. அவர் ஊர்ப் பேச்சைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டது இந்த மனிதர். என் காதுக்கு அது கிடைத்து எவ்வளவு காலம் ஆகிறது! சாவுக்குப் பக்கத்தில் இருந்து மீண்டு வந்தவர் மேல் நான் பொறாமைப்பட்டேன். இதைவிடக் கூர்மையாக இன்னொன்று குத்தியது. அத்தனை நாள் போனில் அவர் என்னோடு பேசியதெல்லாம் இதற்குத்தானா? என் புருஷன் என்னிடம் ஆசையாகப் பேசினாரா, துப்புச் சேகரித்தாரா?

வெளியே வந்து களிம்பைக் கொடுத்தேன். "அந்த ஆளு இப்ப எங்க இருக்காரு, தெரியுமா?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தெரியலங்க மேடம். எல்லையில எங்கள இறக்கி வுட்டுட்டு அதே வண்டியில திரும்பிப் போயிட்டாரு. எந்த ஊருன்னு கேட்டேன். சிரிச்சாரு."

என் கணவர் லீவில் வந்தது அதற்கு வெகு நாளைக்குப் பிறகு. தாடி இல்லை. தலை நன்றாக நரைத்திருந்தது. வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தார். "வழுக்கி வுழுந்துட்டேன்" என்றார். சோறு போட்டேன். சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் தரையிலேயே படுத்துத் தூங்கிப்போனார். அவர் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டே மாவு ஆட்டினேன்.

லீவு நாட்களில் பக்கத்து வீட்டு பைக்கை வாங்கிக்கொண்டு சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவார், என்னைக் கூட்டிப்போக. ஒரு நாள் நான் வெளியே வரும்போது ஆண்டிமடத்துப் பெண்ணும் அவள் வீட்டுக்காரரும் மாத்திரைப் பையோடு வாசலில் நின்றார்கள். என்னைப் பார்த்ததும் வந்து பேசினார்கள். பைக் நாலடி தள்ளி நின்றது. இவர் ஹெல்மெட்டைப் போட்டபடி அதில் உட்கார்ந்திருந்தார்.

"சாருங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள். "டெல்லியில இருக்காருன்னு சொன்னீங்களே!"

"ஆமாம்மா. லீவுல வந்திருக்காங்க."

ஆண்டிமடத்துக்காரர் கை கூப்பினார். "வணக்கம் சார். எங்க அம்மாவுக்கு மேடம்தான் மாத்திரை குடுத்துக் காப்பாத்துறாங்க" என்றார்.

இவர் பதிலுக்குக் கை கூப்பினார். வாய் திறக்கவில்லை. ஒரு வார்த்தை பேசினால் போதும், அந்த மனிதருக்குத் தெரிந்துவிடும். பேச மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஹெல்மெட் கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண்கள் அந்த முகத்தைவிட்டு அகலவில்லை. ஆண்டிமடத்துக்காரர் பதில் வராததைக் கண்டு கொஞ்சம் சங்கடப்பட்டு, "வரோங்க மேடம்" என்று நகர்ந்தார். டெல்லிக்காரர்களுக்குத் தலைக்கனம் என்று நினைத்திருக்கலாம். நான் பைக்கில் ஏறி உட்கார்ந்தேன்.

பாதி வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினார். பெஞ்சில் உட்கார்ந்தோம். கல் லாரி ஒன்று போய்ப் புழுதி அடங்கும்வரை டம்ளரைக் கையால் மூடிக்கொண்டிருந்தார்.

"தேறிட்டாரு" என்றார். "கன்னமெல்லாம் ஒட்டிப்போயி கெடந்தாரு."

அந்த வேலையைப் பற்றி அவராக என்னிடம் ஒப்புக்கொண்டது அவ்வளவுதான். ஆனால் நான் விடவில்லை.

"அப்ப எங்கிட்ட போன்ல பேசுனதெல்லாம் அதுக்குத்தானா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இப்படிக் கேட்பேன் என்று எதிர்பார்க்கவில்லை போல.

"அதுக்கும்தான்" என்றார். "இல்லன்னு சொல்ல மாட்டேன். நீ சொன்னது ஒண்ணு இல்லன்னா அவங்க வண்டி ஏறியிருக்க மாட்டாங்க. ஆனா கண்டக்டரு சண்டைய எதுக்குக் கேட்டேன்? ஒன் காரக்குழம்புல புளி கூடுனது எந்த நாட்டுப் பாதுகாப்புக்கு வேணும்?"

நான் சிரிக்கவில்லை.

"அங்க ஒரு பூட்டுன ரூமுல யாருக்காவயோ காத்துக்கிட்டு ஒக்காந்திருப்பேன்" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "எப்பயாச்சும் வெளிய போயி ஒனக்குப் பேசலாம்னு இருக்கும். அன்னிக்கி அவருகிட்ட நான் பேசுனேனே, அவர வண்டியில ஏத்த மட்டும் பேசலம்மா. நம்ம பேச்சப் பேசி ரொம்ப நாளாச்சு. வூட்டுக்குப் போலாம்னு வாய்விட்டுச் சொல்லணும்னு எனக்கும் இருந்துச்சு."

கடைக்காரர் வந்து இன்னொரு டீ வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றோம்.

லீவு முடிந்து போனார். திருச்சி ஏர்போர்ட்டுக்கு நான் வரக் கூடாது என்பது பழைய ஏற்பாடு. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில், "போயிட்டு வரேன்" என்று சொல்லி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். பஸ் திரும்பி மறையும்வரை நின்றேன். அங்கிருந்தே அரியலூர் பஸ்ஸைப் பிடித்து வேலைக்குப் போனேன்.

இப்போது அவர் வெளிநாடு போவதில்லை. கால் சரியாகவில்லை. டெல்லி ஆபீஸில் உண்மையாகவே ஃபைல் பார்க்கிறார். கூடிய சீக்கிரம் ஓய்வு பெற்று வந்துவிடுவார் என்கிறார். தேதி கேட்டால், "வரேன், வரேன்" என்று சொல்கிறார். எந்த வேலை எப்போது முடியும் என்று சொல்லிப் பழகாத மனிதர்.

மாடியில் ஓர் அறை கட்டிக்கொண்டிருக்கிறேன். அவருக்கென்று ஒரு அறை இந்த வீட்டில் இதுவரை இருந்ததில்லை. கொத்தனார் நேற்றுச் சுவர் கட்டி முடித்துவிட்டு, வாரம் முழுக்கத் தண்ணீர் விடணும்மா, இல்லாவிட்டால் வெடிப்பு விடும் என்று சொல்லிப் போனார். காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் குடத்தோடு படியேறுகிறேன். கூரை இன்னும் போடவில்லை. நான்கு சுவரிலும் தண்ணீரை அள்ளி ஊற்றுகிறேன். ஈரம் கீழே இறங்கும்வரை நடுவில் நின்று, கட்டில் எந்தப் பக்கம் போடலாம் என்று பார்க்கிறேன்.